வாரம் ஒரு லிட்டர்

செவ்வந்தி கதவைச் சாத்தியிருந்தால்கூட அன்புக்கரசிக்கு அவ்வளவு வலித்திருக்காது. சாத்தவில்லை. ஏழு மாத வயிற்றோடு வாசலிலேயே நின்று, முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“உங்க ஆஸ்பத்திரிப் படிய இனி நான் மிதிக்க மாட்டனுங்க, சிஸ்டர். ஊட்லயே பெத்துக்கறேன். செத்தாலும் என்ற ஊட்லயே சாகறேன்.”

போன வருஷம் வரைக்கும் ‘அக்கா, அக்கா’ என்று பின்னாலேயே சுற்றிய பெண். காலனியில் இருவர் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான். இப்போது சிஸ்டராம், ‘ங்க’வாம். மரியாதையால் ஒரு ஆளை இவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியும் என்று அன்புக்கரசி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

“மொதப் பிரசவமே சிக்கலாப்போச்சு, கண்ணு. இது ஊட்ல வெச்சுப் பாக்கற கேஸ் இல்லே.”

“மொதல்து ஏன் சிக்கலாச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும். தொண்ணூற்றைந்து தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். வலி எடுத்த செவ்வந்தியை அவள் புருஷன் கதிரேசன் டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தான். பெரியநாயக்கன்பாளையத்துப் பவுண்டரியில் வேலை செய்கிறவன். பையில் நூற்றிருபது ரூபாய் இருந்தது. ஐந்நூறு ரூபாய் முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்று ஆஸ்பத்திரி வாசலில் நோட்டீஸ் ஒட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் கையை விரித்தார். வெளியே வந்து டெம்போவின் பக்கத்தில் நின்று, “முன்பணம் கட்டாம பெட் தர முடியாதுங்க, கோயமுத்தூருக்குக் கொண்டுபோயிருங்க” என்று சொன்னது அன்புக்கரசி. கோவில்பாளையம் தாண்டியதும் டெம்போவிலேயே பிறந்த ஆண் குழந்தை அழவே இல்லை.

விதி டிரஸ்டுடையது. வாய் அவளுடையது. பதினாறு வருஷத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்த கை அது. அன்றைக்கு அந்தக் கையைக் கட்டிக்கொண்டு வாயை மட்டும் திறந்தாள். வேலை போய்விடுமே என்று பயந்தாள். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, தன்னிடமும் மறைக்கவில்லை. செவ்வந்திக்குப் பங்குனியில் நாள் குறித்திருந்தது. பங்குனிக்குள் இந்தப் பெண்ணை அந்தப் படியேற வைத்தாக வேண்டும். ஏற்றிவிட்டால் போதாது, திருப்பி அனுப்ப எவனுக்கும் வாய் வராதபடி செய்தாக வேண்டும்.

ஆனால் பங்குனியில் ஆஸ்பத்திரி இருக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அன்னூருக்குக் கிழக்கே ஏழு மைலில், வேலங்காட்டுப்புதூரில் இருந்தது அந்த இருபது படுக்கை ஆஸ்பத்திரி. கோயமுத்தூரில் உள்ள ஒரு டிரஸ்ட் நடத்தியது. முதலில் வைத்தியம், பிறகு பணம் என்பதுதான் முப்பது வருஷமாக அங்கே வழக்கம். கடலை பிடுங்கியதும், பருத்தி எடுத்ததும், மில் போனஸ் வந்ததும் சனங்கள் கொண்டுவந்து கட்டினார்கள். எல்லோரும் கட்டினார்கள் என்றால் பொய். முக்கால்வாசிப் பேர் கட்டினார்கள். கால்வாசிப் பள்ளத்தை வெளிநாட்டிலிருந்து வந்த உதவிப்பணம் மூடியது. அந்தப் பணம் தொண்ணூற்றுநாலோடு நின்றுபோனது. டிரஸ்ட்காரர்கள் மோகன்குமார் என்கிற மேனேஜரை ஒரு கம்ப்யூட்டரோடு அனுப்பிவைத்தார்கள். அவரோடு வந்ததுதான் முன்பண விதி.

மோகன்குமார் கெட்ட ஆள் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். மத்தியானம் தன் டிபன்பாக்ஸைத் திறந்ததும் நர்ஸுகளுக்கெல்லாம் ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். மேலே இருந்து வந்த காகிதத்தில் இருப்பதுதான் உலகம் என்று நம்புகிற ஜாதி, அவ்வளவுதான். பணத்தை உள்ளே கொண்டுவரப் போட்ட விதி ஆட்களை வெளியே துரத்தியது. பதினாலு படுக்கை நிறைந்திருந்த வார்டில் மார்கழியில் ஐந்து பேர் படுத்திருந்தார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக மாற்றிவிடுவதாக டிரஸ்டில் தீர்மானம் ஆகியிருந்தது. ஒரு முகூர்த்த நாள் வாடகை, அந்த ஐந்து பேரிடம் ஒரு மாதத்தில் கிடைப்பதைவிட அதிகமாம். கணக்கு சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

செவ்வந்தி வீட்டிலிருந்து திரும்பும் வழியில், வார்டுக்குப் பால் வாங்க சொசைட்டிக்குள் நுழைந்தாள் அன்புக்கரசி. சாயங்காலப் பால் ஊற்றும் நேரம். பெண்கள் பாஸ்புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். செயலாளர் பொங்கியண்ணன் சுப்பாத்தாளிடம் ஒரு செக்கை நீட்டிக்கொண்டிருந்தார். செத்துப்போன அவளுடைய கறவை மாட்டுக்கு வந்த இன்சூரன்ஸ் பணம். மாட்டின் காதில் அடித்திருந்த தகட்டைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கியது.

“இன்சூரன்சுக்கு ஆரு பணம் கட்டறாங்க, அண்ணா?” என்று கேட்டாள் அன்புக்கரசி.

“பால்காசுலயே புடிச்சுக்கறதுதானுங்க, சிஸ்டர். தீவனத்துக்குப் புடிக்கறோம், ஊசிக்குப் புடிக்கறோம், இதுக்கும் புடிக்கறோம். அவங்களுக்குத் தெரியறதுகூட இல்லீங்க.”

“மாட்டுக்கு இருக்குதுங்க. மாட்டுக்காரிக்கு?”

பொங்கியண்ணன் சிரித்தார். “மாட்டுக்காரி காதுல தகடு அடிக்க முடியுமுங்களா?”

வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அன்புக்கரசி சிரிக்கவில்லை. பால் வாங்க வந்ததையும் மறந்துவிட்டு வெறும் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் மோகன்குமாரின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

“படுக்கறதுக்கு முன்னாடி பணம் வந்துரோணும். அதுதானுங்களே உங்க ரூல்?”

“என் ரூல் இல்லீங்க, சிஸ்டர். டிரஸ்ட் ரூல்.”

“ஆரு கட்டோணும்னு அதுல போட்டிருக்குதுங்களா?”

மோகன்குமார் சர்க்குலரை எடுத்துப் படித்தார். போட்டிருக்கவில்லை.

“ஊடு ஊடா, வாரத்துக்கு ஒரு லிட்டர் பால் காசு. சொசைட்டிலயே புடிச்சு உங்களுக்குக் கட்டிருவாங்க. ஆளு நோவுல விழறதுக்கு முன்னாடியே பணம் உங்ககிட்ட இருக்கும். பட்டியல்ல இருக்கற ஊட்டுக்காரங்களை முன்பணம் கேக்கக்கூடாது. பிரசவத்துக்குப் பணமே கேக்கக்கூடாது.”

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார், யோசித்தார், மறுபடியும் தட்டினார். “இருநூறு வீடு சேர்ந்தா மேல எழுதறேன், சிஸ்டர். ஒரு வீடு குறைஞ்சாலும் எழுத முடியாது.”

இருநூறு வீடு. அன்புக்கரசி டியூட்டி முடிந்த கையோடு தெருத் தெருவாக இறங்கினாள். சொசைட்டியில் பாஸ்புத்தகம் பெரும்பாலும் பெண்கள் பேரில்தான் இருந்தது. மாட்டுக் கடனைப் பெண்கள் பேருக்குத்தான் தருவோம் என்று பேங்க்காரன் எப்போதோ சொன்னதால் வந்த வழக்கம். ஆகவே பேச வேண்டியது பெண்களிடம்தான். மாடில்லாத வீடுகள் சனிக்கிழமை கூலி வாங்கியதும் கையில் கொடுத்துவிட வேண்டியது. பட்டியலை எப்படி எழுதுவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சொசைட்டி நம்பர் வரிசைப்படியே எழுதினாள். ஒன்றாம் நம்பர் நாச்சியம்மாள், ஊருக்குப் பெரிய தோட்டக்காரர் திருமூர்த்திக் கவுண்டரின் மனைவி. இரண்டாம் நம்பர் பாவாத்தாள், காலனிக்காரி, செவ்வந்தியின் மாமியார். சொசைட்டி திறந்த அன்று நாச்சியம்மாளுக்கு அடுத்தபடியாகப் பால்போசியோடு நின்றவள் அவள். அவ்வளவுதான் விஷயம்.

பாவாத்தாள் உடனே கைநாட்டு வைத்தாள். “ஆனா அவ வருவான்னு நான் சொல்ல மாட்டேன், அம்மணி. அவ மனசு எனக்கே தெரியறதில்லே” என்றாள். உள்ளே செவ்வந்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை.

தை பிறப்பதற்குள் இருநூற்றுப் பத்து வீடு சேர்ந்துவிட்டது. திருமூர்த்திக் கவுண்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தது அப்போதுதான். வெள்ளை வேட்டி, புல்லட், பின்னால் இரண்டு பங்காளிகள்.

“ஏனுங் சிஸ்டர், நல்ல காரியம் பண்றீங்க. நம்மூரு ஆஸ்பத்திரி நம்மூர்ல இருக்கோணுமுங்க. எங்காளுக அத்தன பேரும் ஒத்தாசையா இருப்பம். ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் பண்ணிப்போடுங்க.”

சின்ன ஏற்பாடு என்னவென்றால், ஊருக்கு ஒரு பட்டியல், காலனிக்கு ஒரு பட்டியல். வார்டுக்கு நடுவில் ஒரு தட்டி. தண்ணீர்க் குடம் இரண்டு.

“நான் கேக்கலீங்க, சனங்க கேக்குது” என்றார் கவுண்டர். இதையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கேட்கிற அந்தச் சனங்களை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அன்புக்கரசி கையில் இருந்த தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சொன்னாள். “சொசைட்டில உங்கூட்டுப் பாலும் பாவாத்தாக்கா ஊட்டுப் பாலும் ஒரே கேன்லதானுங்க ஊத்தறாங்க, பண்ணாடி. எங்க மாட்டுப் பாலு ஒதுங்கியா நீந்துது? கோயமுத்தூர்ல காபி குடிக்கறவரு எந்தத் தெருப் பாலுன்னு கேக்கறதில்லீங்களே. தட்டியக் கேன்லயிருந்து ஆரம்பிங்க. அப்பறம் வார்டுக்கு வாங்க.”

கவுண்டரின் பேச்சிலிருந்து ‘ங்க’ உதிர்ந்து விழுந்தது. “உங்கப்பன் எங்க தோட்டத்துல கவலை ஓட்டித் தண்ணி எறச்சவன். ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்குதுங்க. நல்லா ஓட்டுனாருங்க. அதனாலதான் உங்க தோட்டம் காயலீங்க.”

வார்டில் படுத்திருந்த ஒரு கிழவர் போர்வைக்குள் களுக்கென்று சிரித்தார். கவுண்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் இருமலாக மாற்றிக்கொண்டார். அன்புக்கரசி தெர்மாமீட்டரைக் கிழவர் வாயில் வைத்துவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

“பட்டியல் ஒண்ணுதானுங்க. ஆரு பேரு இருக்குதோ அவங்களே வந்து சொன்னா, பேர அடிச்சுடறேன்.”

அன்று சாயங்காலமே கவுண்டர் சொசைட்டிக்குப் போனார். ஒன்றாம் நம்பரை அடிக்கும்படி பொங்கியண்ணனிடம் சொன்னார். வரிசையின் முதலில் போசியோடு நின்ற நாச்சியம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பேரு என்றதுங்க. வெடியறதுக்கு முன்னால எந்திரிச்சு சாணி அள்றது நானு, தீவனம் வெக்கறது நானு, பால் பீச்சறது நானு. காசுன்னதும் நீங்க வந்து நிக்கறீங்களாக்கும்?”

“நாலு பேர் முன்னால பேசாதே.”

“நீங்கதானுங்க நாலு பேர் முன்னால கேட்டீங்க. நம்ம மக கீதா பெத்துப்போட்டு ரத்தம் நிக்காம கெடந்தப்ப, கைய உட்டு நிறுத்துனது அந்த நர்சுப் புள்ளதானுங்க. அன்னிக்குத் தட்டி எங்க போச்சு? பொங்கியண்ணா, பால அளங்க. நேரமாச்சு.”

ஒன்றாம் நம்பர் அழியவில்லை. ஆனால் கவுண்டரின் பேச்சுக்குக் கட்டுப்பட்ட நாற்பத்தொரு வீட்டு ஆண்கள் தங்கள் பெண்டாட்டிகளை அழைத்துவந்து பேரை அடிக்க வைத்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் நாச்சியம்மாளின் தைரியம் இருக்க முடியாது. இருநூற்றுப் பத்து, நூற்று அறுபத்தொன்பதாகக் குறைந்தது.

மோகன்குமார் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியல் ஒன்றேதான், அட்டை மட்டும் இரண்டு நிறம். ஊருக்கு வெள்ளை, காலனிக்கு ரோஸ். அன்னூரில் அச்சடித்து, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து மேஜைமேல் அடுக்கினார். “வெறும் கலர்தாங்க, சிஸ்டர். வேற ஒண்ணுமே இல்ல. அந்த நாப்பது வீடும் திரும்ப வந்துரும். ஆஸ்பத்திரி பிழைச்சுக்கும். நீங்களும் நானும் பிழைச்சுக்கலாம்.”

அன்புக்கரசி ரோஸ் அட்டைக் கட்டைக் கையில் எடுத்தாள். ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அவளுக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. ஒரு நிறத்தை ஒத்துக்கொண்டால் செவ்வந்திக்கு ஒரு படுக்கை நிச்சயம். வெறும் கலர்தானே. பிறகு, போன தை மாதத்தில் ‘வெறும் ரூல்தானே’ என்று நினைத்துக்கொண்டுதான் டெம்போ பக்கம் நடந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. ஊசி கொதிக்கவைக்கும் அறைக்குப் போனாள். பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. கட்டைப் பிரித்து, அட்டை அட்டையாக அதன் தீயில் காட்டி எரித்தாள்.

மெமோ வந்தது. ‘டிரஸ்டின் சொத்தை எரித்ததற்கு விளக்கம் தரவும்.’ அவள் அதன் அடியிலேயே எழுதினாள்: ‘எரித்தேன். இன்னும் அச்சடித்தால் இன்னும் எரிப்பேன்.’ கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கதை ஊர் முழுக்கப் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. மறுநாள் காலை சொசைட்டியில் பெரிய கேனுக்குப் பக்கத்தில் நாச்சியம்மாள் ஒரு தூக்குப்போசியைக் கொண்டுவந்து வைத்தாள். பேர் எழுதவில்லை, நம்பர் எழுதவில்லை. பேரை அடித்துக்கொண்ட வீட்டுப் பெண்கள் தங்கள் பாலை அளக்கக் கொடுப்பதற்கு முன்னால், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், அதில் ஒரு உழக்கு ஊற்றிவிட்டுப் போனார்கள். புருஷன்மார் பேரை அடித்தார்கள். பெண்டாட்டிமார் பாலை ஊற்றினார்கள். பொங்கியண்ணன் அதைத் தினமும் அளந்து எழுதிவைத்து, வார முடிவில் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தொரு லிட்டருக்கு மேலேயே இருந்தது.

“இதை எந்தத் தலைப்புல எழுதறதுங்க?” என்று தலையைச் சொறிந்தார் மோகன்குமார்.

“எந்தத் தலைப்புல வேணும்னாலும் எழுதுங்க. எரநூறு ஊட்டுக் காசு வருதுங்களா, இல்லீங்களா?”

வந்தது. ஆறு வாரம் தொடர்ந்து வந்தது. மோகன்குமார் மேலே எழுதினார். நன்றாகவே எழுதினார் என்று சொல்ல வேண்டும். பணம் முன்னாலேயே வருகிறது என்று தெரிந்ததும் டிரஸ்ட்காரர்களுக்கும் சேவை மனப்பான்மை திரும்பிவிட்டது. கல்யாண மண்டபம் ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று பங்குனி முதல் வாரத்தில் காகிதம் வந்தது. ஒரு வருஷத்துக்குத்தான். அன்புக்கரசிக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த வருஷச் சண்டையை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் செவ்வந்தி வருவாளா?

பங்குனி பத்தாம் தேதி, உச்சி வெயிலில், கதிரேசன் ஒரு பக்கமும் பாவாத்தாள் ஒரு பக்கமும் தாங்க, அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே வந்தாள். விடிகாலையிலிருந்து வீட்டில் வலி; குழந்தை இறங்கவில்லை. படிக்குக் கீழே நின்றுகொண்டாள். பல்லைக் கடித்து ஒரு வலியை விழுங்கிவிட்டு, வலது கையை நீட்டி விரித்துக் காட்டினாள். ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள்.

“இருக்குதுங்க, சிஸ்டர். கொண்டாந்திருக்கறேன். இப்பப் படுக்க உடுவீங்களா?”

“முன்பணம் கெடையாது, கண்ணு. உங்கூட்டுப் பேரு பட்டியல்ல இருக்குது. உள்ள வா.”

“உங்களை நம்பி வரலீங்க. கொழந்தைக்காக வந்தேன்.” விரித்த கையை மறுபடி மூடிக்கொண்டாள். “பணம் என்ற கையிலயே இருக்கட்டும். நீங்க மறுபடி மாத்திச் சொன்னா மூஞ்சில வீசறதுக்கு.”

“அப்படியே வெச்சுக்க” என்று சொல்லி அன்புக்கரசி படியிறங்கிப் போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் போராட்டம். டாக்டர் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் செவ்வந்தியின் வலது கை மூடியே இருந்தது. ஊசி போடக்கூட இடது கையைத்தான் கொடுத்தாள். பெண் குழந்தை. பிறந்தவுடன் பக்கத்து வார்டுக்குக் கேட்கும்படி அழுதது. பாவாத்தாளும் அழுதாள். அன்புக்கரசி அழவில்லை, அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

எல்லாம் சுத்தம் செய்து, தாயையும் பிள்ளையையும் வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பிரசவப் பதிவேட்டோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையைப் பாவாத்தாள் மடியில் வைத்திருந்தாள். செவ்வந்தி கண்ணைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தாள்.

“எத்தனாவதுன்னு எழுதறீங்க?”

“ரெண்டாவது, கண்ணு.”

“மொதல்தைப் பத்தி எழுத எடம் இருக்குதுங்களா?”

“குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குது.”

“எழுதுங்க. சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

வார்டில் பன்னிரண்டு படுக்கையில் ஆட்கள் இருந்தார்கள், ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் கலந்து. வாசற்படியில் மோகன்குமார் நின்றுகொண்டிருந்தார். அன்புக்கரசி பேனாவைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக்கொண்டே எழுதினாள்.

“முதல் பிரசவம், தொண்ணூற்றைந்து தை மாதம். இந்த ஆஸ்பத்திரிக்கு வலியோடு வந்தார். முன்பணம் இல்லாததால் படுக்கை தரவில்லை. கோயமுத்தூர் போகும் வழியில் டெம்போவில் பிறந்து இறந்தது. ஆண் குழந்தை.”

நிறுத்தினாள். கட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

“திருப்பி அனுப்பியது நான். அன்புக்கரசி, ஸ்டாஃப் நர்ஸ்.”

கையெழுத்துப் போட்டாள். மோகன்குமார் மெல்ல உள்ளே வந்தார்.

“சிஸ்டர், இது ஆடிட்டுக்குப் போற புக்குங்க. டிரஸ்ட்ல பார்ப்பாங்க.”

“பாக்கட்டுமுங்க. பாக்கறதுக்குத்தானுங்க எழுதியிருக்கறேன்.”

செவ்வந்தி அப்போதுதான் வலது கையைத் திறந்தாள். தாள்கள் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றைக் கதிரேசனிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தரும்படி மாமியாரிடம் இரண்டு கையையும் நீட்டினாள்.